வான்கோழிக்குப் பக்கத்தில் ஒரு தடம்

அந்த வான்கோழிக்கு என்ன கேடோ, வீடியோ எடுக்கும்போதுதான் நின்றுகொள்ளும். "நட, மூதேவி" என்று தவிட்டுக் கிண்ணத்தைக் காட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். வயல் சேற்றை அள்ளி வந்து வாசலில் மெழுகுகிற மாதிரி வழித்துவிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் செல்போனும் கையுமாகக் குனிந்தபடி பின்னால் வந்தார்.

எல்லாம் சிவப்ரியாவுக்காக. ஒரே மகள். டைனோசர் எப்படி நடந்திருக்கும் என்று ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறாள். செத்து மண்ணாய்ப் போனதன் நடையை எப்படியடி கண்டுபிடிப்பாய் என்று ஒருமுறை கேட்டேன். சேற்றில் அது பதித்த தடம் பாறையாக இறுகிக் கிடக்கிறதாம். அடிக்கும் அடிக்கும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் ஆழம் என்று பார்த்தால் மெல்லப் போனதா ஓடியதா என்று தெரியுமாம். பறவைகள் அதன் வம்சமாம். அதனால் பறவைகளைச் சேற்றில் நடக்கவிட்டு ஒப்பிடுகிறார்கள். "நம்ம வரிச்சிக்குடி களிமண்ணு இங்க கெடைக்காதும்மா, வான்கோழிய நடக்கவிட்டு எடுத்து அனுப்பு" என்றாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டாளே, சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வருஷமாக அவள் வரவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாள். அதனால்தான் தை மாசம் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியதை நான் சொல்லவே இல்லை. வீடியோ காலில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலமே அழைத்தாள்.

"அம்மா, வான்கோழிக்குப் பக்கத்துல நடந்தது யாரு?"

"நாந்தான். தவிட்டக் காட்டாம அது வருமாக்கும்?"

"வலது காலு அழுந்தப் பதிஞ்சிருக்கு. எடது காலு பட்டும் படாம இருக்கு. எப்பலேருந்தும்மா?"

"சேறு வழுக்குச்சுடி."

"பொய் சொல்லாத. நாளைக்கு வான்கோழி வேணாம். நீ மட்டும் நடந்து அனுப்பு. பாத்துட்டு டிக்கெட் போடுறதா வேணாமான்னு சொல்றேன்."

"அடுத்த மாசம் ஆராய்ச்சிய முடிச்சுக் குடுக்கணும்னாளே" என்று இரவெல்லாம் புலம்பினார் இவர். "இப்பக் கெளம்பி வந்தா புள்ள பட்ட பாடெல்லாம் வீணாயிடும் கமலா. எப்படியாச்சும் நேரா நடந்துடு."

காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் தடம் ஒன்றுபோல விழுந்திருந்தது.

"அட! நொண்டுறது ஒண்ணும் தெரியல. அனுப்பிடவா?" என்றார் இவர்.

குனிந்து பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டுக்காரி நடந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. எனக்குச் சிவப்ரியாவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வேறு எந்த நியாயமும் அப்போது மண்டையில் ஏறவில்லை.

"இருங்க, அனுப்பாதீங்க."

சேறு வழிக்கிற பலகையை எடுத்து எல்லாவற்றையும் வழித்துவிட்டேன். மறுபடி ஓரத்தில் போய் நின்றேன். அவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். வலது காலை ஊன்றினேன். இடது காலை, அது எப்படி வருமோ அப்படியே வரவிட்டேன்.