அரை நிமிடச் சட்டம்

றோபேட்டுடன் முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டத்துக்கு உட்காருகிறவன் இராச்சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது, வெளிநாட்டுக்கு வந்து அல்பெர்கேரியாப் பக்கம் குடியிருக்கும் எல்லாத் தமிழருக்கும் தெரிந்த விசயம். மனிதன் ஒரு கடதாசியை உருவுவான். துரும்பு எத்தனை இறங்கிவிட்டது என்று உதட்டுக்குள் எண்ணுவான். உருவியதைத் திரும்பச் செருகுவான். அதற்குள் எதிர்க்கட்சிக்காரன் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். கள்ளமாகச் செய்வதில்லை, பாவம். அவனுக்குப் பிழை விடப் பயம், அவ்வளவுதான்.

அவனுடைய சோடி அலோசியஸ் நேர் எதிர். கை போகிற வேகத்தில் கடதாசி மேசையில் அறையும். எட்டு வருடமாக ஒரே வீட்டில் பக்கத்து அறை, எட்டு வருடமாக ஒரே மேசையில் எதிரெதிர் கதிரை. பல்லைக் கடித்துக் கடித்துத் தேய்ந்துபோனவன் கடைசியில், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கோயில் மண்டபச் சுற்றுப்போட்டிக்குத் தன் கையாலேயே சட்டம் எழுதி ஒட்டிவிட்டான். ஒரு கடதாசிக்கு அரை நிமிடம். தாண்டினால் விசில். ஒரு சோடிக்கு மூன்று விசில் விழுந்தால் தோல்வி, கதிரையை விட்டு எழும்ப வேண்டியதுதான்.

"இது எனக்கெண்டே போட்ட சட்டமடா" என்று றோபேட் சிரித்தான். கோபிக்கவில்லை. சிநேகிதனின் மானத்தைக் காப்பாற்றவேண்டும் என்று பழகத் தொடங்கினான். வேலையால் வந்ததும் அலாரம் மணிக்கூட்டை மேசையில் வைத்து, நாலு பேருக்கும் தானே பங்கிட்டு, தனக்குத்தானே விளையாடினான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அலோசியசுக்கு "சீ, பிந்தீட்டன்" என்று அவன் தன்னையே ஏசுவது கேட்கும்.

கேட்கும் இன்னொன்று, தர்சனாவின் கதை. றோபேட்டும் மனைவி கிளறாவும் ஒரு வயதில் மன்னாரில் விட்டுவிட்டு வந்த ஒரே மகள். இப்போது ஒன்பது. சண்டைக்குள் இடம்பெயர்ந்து, பெரியம்மா யோசப்பினோடு மடு அகதி முகாமில் இருந்தாள். ஏழு வருடம் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்று நின்று, பிள்ளையைக் கூப்பிடும் அனுமதி போன மாதம்தான் கிடைத்தது. அன்றைக்கே றோபேட் பல்லறோச் சந்தைக்கு ஓடி, இந்த ஊர்ச் சிறுபிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற நீல மேலங்கி ஒன்றை வாங்கிவந்தான். ஒரு அளவு பெரிது. "வளருவாள்தானே" என்றான். அது அவன் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் போட்டி. மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றால் கிண்ணம். தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு கோயில் பாதர் அலோசியசை மண்டபத்துக் குசினிக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"கொழும்பிலையிருந்து இப்ப போன் வந்தது. றோபேட்டின்ரை பிள்ளை போட்டுது. மலேரியா, மூளைக்கு ஏறீட்டுதாம். முந்தநாளே அடக்கம் செய்திட்டினம்."

அலோசியஸ் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டான்.

"நான் மொந்தெல்லோவுக்குப் போய்க் கிளறாவைக் கூட்டிக்கொண்டு வாறன். ரெண்டு பேருக்கும் ஒண்டாய்த்தான் சொல்லவேணும். போன வருசம் எங்கடை பெடியன் யோசேப்புக்குத் தாயின்ரை செத்தவீட்டை யாரோ பஸ்சுக்குள்ளை சொல்லி, அவன் நடுறோட்டிலை விழுந்து கிடந்தது தெரியும்தானே. இவனைத் தனிய விடாதை. நான் வர நாலரை ஆகும். அதுமட்டும் இவன் எழும்பக்கூடாது."

எழும்பினால் என்ன நடக்கும் என்பது அலோசியசுக்கு நன்றாகத் தெரியும். ஆட்டம் முடிந்த அடுத்த நிமிடம் றோபேட் மூலையிலுள்ள போன் பெட்டிக்குப் போவான். கிளறா மொந்தெல்லோவில் தங்கி வேலைசெய்யும் வீட்டுக்கு அடித்து வெற்றி தோல்வியைச் சொல்வான். இன்றைக்கு வீட்டுக்காரி சின்யோராதான் எடுப்பாள். பாதர் வந்து அவளை அவசரமாக அழைத்துப்போனார் என்பாள். அந்தப் பெட்டிக்குள் அவன் தனியாக நிற்பான்.

நாலரை வரைக்கும் அவன் கதிரையில் இருக்கவேண்டும். மண்டபத்து மணிக்கூட்டில் மூன்றேகால்.

றோபேட் அன்றைக்குப் பறந்தான். பழகியதெல்லாம் கைக்கு வந்திருந்தது. கடதாசி விழுந்த கையோடு அடுத்ததைப் போட்டான். எதிர்க்கட்சியில் இருந்த கொட்வினும் டெனிஸ்டனும் வாயைப் பிளந்தார்கள். நேரம் பார்க்க உட்கார்ந்திருந்த பேரின்பநாயகம், ஊரில் தபாற்கந்தோரில் வேலைபார்த்த கண்டிப்பான மனிதர், அவர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். முதலாவது ஆட்டம் கால் மணித்தியாலத்தில் வெற்றி.

"எப்பிடி?" என்று கேட்டான் றோபேட். பத்து வயதுப் பையன் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. எட்டு வருடமாக எந்த வேகத்துக்காக அலோசியஸ் தவம் கிடந்தானோ, அது வந்த நாளைப் பார். கடவுளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அலோசியஸ் இழுக்கத் தொடங்கினான். கடதாசியைக் கீழே விழுத்திப் பொறுக்கினான். தண்ணீர் கேட்டான். கண்ணாடியைத் துடைத்தான். கையிலிருப்பதை முறைத்துக்கொண்டே இருந்தான். ஒன்றுமே தெரியவில்லை, கறுப்பும் சிவப்பும் ஒன்றாகக் கலங்கி நின்றன. விசில் கிழித்தது.

"சட்டம் போட்டவருக்கே விசில்!" என்றான் டெனிஸ்டன். மண்டபம் சிரித்தது.

"என்ரை வருத்தம் உனக்குத் தொத்தீட்டுதோ மச்சான்?" என்றான் றோபேட்.

இரண்டாவது விசிலும் விழுந்தது. இனி ஒன்று விழுந்தால் எழும்பவேண்டும். மணி நாலுகூட ஆகவில்லை. அலோசியஸ் தான் எழுதிய தாளைச் சுவரில் பார்த்தான். கிழித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது. வேறு வழியில்லாமல் தோற்கத் தொடங்கினான். தோற்றால் மூன்றாவது ஆட்டம் ஒன்று வரும். றோபேட் பிடிக்கவிருந்த பிடியைத் தானே பெரிய துரும்பால் வெட்டினான். சின்னக் குழந்தையும் செய்யாத வேலை. ஆட்டம் போயிற்று.

றோபேட் ஏசவில்லை. மேசைக்குக் குறுக்கே குனிந்தான்.

"அலோ, உனக்குச் சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை."

"ஆருக்காகவும் பாத்துக்கொண்டு இருக்கிறியோ? கதவையே பாக்கிறாய்."

அலோசியசுக்குப் பொய் வரவில்லை. "நாலரை மட்டும் இருக்கவேணும்" என்றான்.

"அவ்வளவுதானே? முந்தியே சொல்லியிருக்கலாம்" என்றான் றோபேட். "நீ கெதியாய்ப் போடு. நேரத்தை நான் பாக்கிறன். அந்த வித்தை எனக்குத்தானே தெரியும்."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிநேகிதன் நேரம் கேட்கிறான், தன்னிடம் நேரம் இருக்கிறது, கொடுத்தான். ஒவ்வொரு கடதாசிக்கும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது செக்கன். பேரின்பநாயகம் விசிலை வாயில் வைத்து மூச்சை இழுப்பார், அந்த நொடியில் கடதாசி மெதுவாக வந்து மேசையில் படுக்கும். அலாரம் மணிக்கூட்டோடு பழகிய பழக்கம் வீண்போகவில்லை. கொட்வின் தலையில் கைவைத்தான். பார்த்திருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டு றோபேட் சிநேகிதனைப் பார்த்துக் கண்ணடித்தான். அலோசியஸ் மேசைக்குக் கீழே தன் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். இந்த மனிதன் தன்னுடைய பிள்ளையின் சாவைத் தானே பிந்த வைக்கிறான், அதுவும் இன்னொருவனுக்கு உதவி என்று நினைத்து. இதைப் பார்க்கிற கண் ஏன் இன்னும் அவிந்துபோகவில்லை என்றிருந்தது.

நடுவில் ஒருமுறை றோபேட் சொன்னான்: "இப்பிடித்தான் தர்சனாவுக்கும் படிப்பிக்கப்போறன். ஆறுதலாய் யோசிச்சுப் போடவேணும். உன்னை மாதிரி அவசரக்காரியாய் வளரவிடமாட்டன்."

"ஓம்" என்றான் அலோசியஸ்.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிச் சுற்று வந்தது. கடைசிப் பிடி. மூன்று கடதாசி மேசையில் விழுந்துவிட்டது. நாலாவது றோபேட்டின் கையில். அவன் வழக்கம்போல அதை உயர்த்திப் பிடித்து எண்ணத் தொடங்கியபோது கதவு திறந்தது.

பாதர் நின்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கிளறா நின்றாள். வேலைவீட்டு ஏப்ரனை அவிழ்க்காமலே வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்யோரா அவளை வாசற்படி தாண்ட விட்டதே இல்லை. பாதர் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லாமல் ஒரு தாயை மொந்தெல்லோவிலிருந்து கூட்டிவந்தால், பாதி வழியிலேயே அவள் அழத் தொடங்கிவிடுவாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

றோபேட் மனைவியைப் பார்த்தான். பாதரைப் பார்த்தான். பிறகு ஆறுதலாக, எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிற அவனுடைய வழக்கப்படி, அலோசியசைப் பார்த்தான்.

"இதுக்கோ நேரம் கேட்டனீ?"

அலோசியஸ் அழுதான். அதுவே பதிலாகப் போயிற்று.

றோபேட் கடதாசியைக் கீழே வைக்கவில்லை. அவன் பேரின்பநாயகத்தின் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, எனக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?"

கிழவர் விசிலைக் கீழே வைத்தார். கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு செக்கன், தம்பி. நீர் ஆறுதலாய் இரும், நான் ஊதமாட்டன்."

"இல்லை, சட்டம் சட்டம்தான்" என்றான் றோபேட்.

அந்தப் பன்னிரண்டு செக்கனும் அவன் இருந்தான். தலையைக் குனிந்து, ஒரு கடதாசியையே பார்த்துக்கொண்டு, இன்னும் தகப்பனாகவே இருந்தான். பிறகு அதை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பி, கிளறாவிடம் போனான்.

விசில் ஊத வேண்டி வரவில்லை.