நாக்கில் ஒரு சொட்டு

செர்வா பாக்கெட் தண்ணீரின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குளியல் தொட்டியில் ஊற்றினாள். பிறந்து எட்டு நாளான மகனுக்குத் தினமும் கடைத் தண்ணீரில்தான் குளியல். வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. ஓடி என்ன பயன்?

"ஆத்தங்கரைல வீடுன்னு சொல்லித்தான் எங்கப்பா என்னைக் கட்டிக் கொடுத்தாரு," என்றாள் சலிப்பாக.

கணவன் போவாடி கைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. பெயர் சூட்டும் சடங்கு முடிந்ததும் மதியம் பொக்லைன் வருகிறது. ஆற்றோரம் மிஞ்சியிருந்த கோக்கோத் தோட்டத்தையும் தங்கம் தோண்டுகிறவர்களுக்கு விட, அவளைக் கேட்காமலே ஒப்புக்கொண்டிருந்தான்.

"ஊரே விட்டாச்சு. நாம மட்டும் பிடிச்சு வெச்சா ஆறு தெளிஞ்சிடுமா?"

"எல்லாரும் இதையே சொல்லிச் சொல்லித்தான் கலக்கினீங்க."

சடங்கு நடத்த குமாசி நகரத்திலிருந்து போவாடியின் பெரியப்பா ஆண்ட்வி வந்திருந்தார். இந்தப் பக்கம் வந்து பல வருடம். வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர், பாக்கெட் தண்ணீரைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"பிள்ளை நாக்குல ஆத்துத் தண்ணிதான்டா வைக்கணும். உன் நாக்குல அதைத்தான் வெச்சேன். போய் மொண்டுட்டு வா."

போவாடி தலையைச் சொறிந்துகொண்டே போனான். கிண்ணத்தோடு திரும்பினான். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

"தண்ணி கேட்டா டீ கொண்டு வர்றே?"

உறவினர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஆறுதான் பெரியப்பா," என்று முணுமுணுத்தான்.

பெரியப்பா கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பாக்கெட்டை எடுத்தார். செர்வா குழந்தையைக் கொடுக்கவில்லை.

"என்ன சொல்லி வைப்பீங்க பெரியப்பா?"

"தண்ணி ஒரு சொட்டு, ஜின் சாராயம் ஒரு சொட்டு வெச்சு வழக்கமா சொல்றதுதான். தண்ணின்னா தண்ணின்னு சொல்லு, ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லு. பொய் பேசாம வாழுன்னு."

"அப்ப அந்தக் கிண்ணத்துல இருக்கிறதை அவன் என்னன்னு சொல்லணும்?" என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீயே வை. ஒரு சொட்டு போதும். வெச்சிட்டா மெஷின் வரட்டும், நான் வாயே திறக்கல."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, போவாடி வீம்புக்கு விரலை நனைத்தான். சேறும் டீசலும், தங்கத்தைத் திரட்டக் கலக்கும் பாதரசமும் அதில் இருப்பது அவனுக்குத் தெரியும். விரல் அருகே வந்ததும் பால் என்று நினைத்துக் குழந்தை வாயைத் திறந்தது.

அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். உடுத்தியிருந்த துணியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். பிறகு வாசலுக்குப் போய்க் கைபேசியில் பேசினான். "மெஷின் வேண்டாம்... இல்ல, நாளைக்கும் வேண்டாம்."

உள்ளே வந்தவனின் முகத்தில் கடுகடுப்பு போகவில்லை. "ஊர்ல நான் ஒருத்தன்தான் இளிச்சவாயனா?"

"இருந்துட்டுப் போயேன்," என்றாள் செர்வா. "தங்கம் எடுக்கிறது தப்பில்ல. பெத்த பிள்ளை நாக்குல வைக்க முடியாத தண்ணிய அவனுக்குச் சொத்தா விட்டுட்டுப் போறதுதான் தப்பு."

குழந்தையைப் பெரியப்பாவின் மடியில் வைத்தாள்.