நாக்குப்புடிக் கல்

என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் நிதானமாகக் காபி குடித்தார்.

பொய்க்காரி என்ற வார்த்தையை அவர் பயன்படுத்தவில்லைதான். படித்தவர் அல்லவா, "ரிசல்ட்ட சமைச்சிக்கினு வந்திருக்கியே" என்றார். எங்கள் மலையில் சாமை சமைப்போம், கேழ்வரகுக் களி கிண்டுவோம். ரிசல்ட் சமைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

அவர் பெயர் சுப்புராயன். கனிமவியல் பேராசிரியர், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக்காரர். மேடையில் இலக்கணம் தவறாமல் பேசுவார். என்னைத் திட்டும்போது மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"நீ பண்ண டெஸ்ட்ல கல்லு நெறைய தண்ணி. வெளி லேப்ல பண்ணா தண்ணியே இல்ல. நடுவுல எங்க போச்சு? ஆவியாயிடுச்சா?"

மேசையில் வெளி லேபின் அறிக்கை கிடந்தது. மாதிரியில் இருப்பது மாக்கல் என்று அதில் போட்டிருந்தார்கள். மாக்கல் எல்லாருக்கும் தெரிந்ததுதான், கோலப்பொடி அரைக்கிற வழவழப்பான கல். மெக்னீசியமும் சிலிக்காவும் தாள் தாளாக அடுக்கிய சிலிக்கேட். அந்தத் தாள்கள் நெருக்கி ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் தண்ணீர் புக இடமே இருக்காது.

நான் எழுதிய ஆய்வே, என் கல் மாக்கல் இல்லை என்பதுதான். கரியாலூருக்கு மேலே, எங்கள் சாமைக் கொல்லைக்குப் பக்கத்து ஓடைக்கரையில், கரும்பாறைக்குள் வெள்ளை நரம்பாக ஓடுகிறது அது. பார்த்தால் மாக்கல்லேதான். அதே நிறம், நகத்தால் கீறினால் அதே கோடு. கையில் எடுத்தால்தான் கனம் கம்மியாக இருப்பது தெரியும். இதுவும் தாள் அடுக்குதான், ஆனால் தாள்களுக்கு நடுவே தண்ணீர் குடியிருக்கிறது. சூடு பட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும். ஈரம் கண்டால் அதே வீட்டுக்குத் திரும்பி வரும். வீடு இடியாது. இப்படித் தண்ணீர் ஏறிய சிலிக்கேட் உலகத்திலேயே அபூர்வம். தனி இனமாக வைப்பதா, மாக்கல் குடும்பத்தில் சேர்ப்பதா என்று பெரியவர்களே அடித்துக்கொள்கிற விஷயம். என் ஆய்வு அந்தச் சண்டைக்குள் தலையை நீட்டியது. அதுதான் சாருக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் மலையில் அதற்கு நாக்குப்புடிக் கல் என்று பெயர். நாக்கில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். அதை நான் ஆய்விலும் எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் அந்தப் பெயரை அடித்தார். அடித்ததோடு விட்டாரா? அடைமழைக் காலத்தில் நான் ஓடையிலிருந்து எடுத்து வந்த துண்டை, எல்லா மாணவர்களுக்கும் முன்னால் நாக்கை நீட்டி வைத்துப் பார்த்தார். பொத்தென்று கீழே விழுந்தது. "என் நாக்கு இதுக்குப் புடிக்கல போலருக்கு" என்றார். டிபார்ட்மென்ட்டே சிரித்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கல்லைப் பொறுக்க நான் குனியவே இல்லை.

இப்போது காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கமிட்டி. வெளியிலருந்து தைலம்மாள் மேடம் வராங்க. மாக்கல்னு மாத்தி எழுதிக் குடு, தண்ணி சாப்டரத் தூக்கிடு. பட்டம் வாங்கிக்கினு போ. இல்லன்னா பொய்க் கணக்கு காட்டினன்னு நானே எழுதிக் குடுக்கறதாயிருக்கும். அப்பறம் எந்தக் காலேஜும் உன்ன உள்ள வுடாது."

"மாத்த மாட்டேன் சார்."

"யோசிச்சிச் சொல்லு."

"யோசிச்சிதான் சார் சொல்றேன்."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்கணும்? ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. வெளி லேபுக்குப் போன மாதிரியை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது பரீட்சை வேலை. ஊருக்கு போன் போட்டு என் அண்ணன் கரியனிடம், "நல்ல கல்லாப் பாத்து எடுத்து, கள்ளக்குறிச்சி கூரியர்ல போட்டு வுடுண்ணே" என்று விலாசம் சொன்னேன். அண்ணன் எதையோ மாற்றி அனுப்பிவிட்டானா?

மறுநாளே கள்ளக்குறிச்சியில் இறங்கி மலைப் பஸ் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏறுகிற நேரமெல்லாம் அண்ணனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

வீட்டில் அண்ணன் இல்லை, கொல்லைக்குப் போயிருந்தான். அண்ணி பச்சையம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சேர்த்த வார்த்தையெல்லாம் அவள் தலையில் இறங்கியது.

"எந்தக் கல்ல அனுப்பினீங்க அண்ணி? எவன் கொல்லைல பொறுக்கினீங்க?"

அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள். "எவன் கொல்லைலயும் இல்ல. நம்ம ஓடைலதான். இன்னா இப்ப?"

"அதுல தண்ணியே இல்லன்னு வந்திருக்குது."

"பின்ன தண்ணியோடவா அனுப்புவாங்க?" அண்ணிக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நல்ல கல்லா அனுப்பச் சொன்னியா இல்லியா? நானே அடுப்பு மேல பரண்ல போட்டு, பொகைல காய வச்சி, ஒவ்வொன்னா நாக்குல வச்சிப் பாத்து, புடிக்கறதா எடுத்து டப்பால போட்டு, காத்து போவாம தேன்மெழுகு பூசி அனுப்பினேன். பச்சக் கல்லையா குடுக்கறது வெளியூர்க்காரனுக்கு? மானம் போவாது?"

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மலையில் அந்தக் கல்லை எதற்கு வைத்திருக்கிறோம்? விதைச் சாமையைச் சுரைக்குடுக்கையில் போட்டு மூடும்போது இந்தக் கல்லில் இரண்டு துண்டை உள்ளே போடுவோம். விதையில் இருக்கிற ஈரத்தைக் கல் குடித்துக்கொள்ளும், பூசணம் பிடிக்காது. அதற்குக் கல் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க நாக்கில் வைப்போம். நாக்கைப் பிடித்தால் அது நல்ல கல். பிடிக்காவிட்டால் அது பச்சைக் கல், ஆடு மாட்டை விரட்ட எறியலாம். எனக்கு நல்ல கல் என்றால் பாறையிலிருந்து அப்போதே பெயர்த்த கல். அண்ணிக்கு நல்ல கல் என்றால் பரணில் காய்ந்த கல். அத்தனை வருஷம் அதே வீட்டில் சோறு தின்ற நான், பட்டணத்துப் பாஷையில் நல்ல கல் கேட்டிருக்கிறேன். அவள் வீட்டுப் பாஷையில் கொடுத்திருக்கிறாள்.

முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கத்தான் விஷயம் புத்தியில் ஏறியது. தண்ணீர் போன பிறகும் கல் இடியாமல் இருந்திருக்கிறது. அதனால்தான் லேப்காரர்கள் அதை மாக்கல் என்று நினைத்தார்கள். அப்படியானால் இனிமேல் நான் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் அந்தக் கல்லுக்குத் திரும்பி வர வேண்டும். மாக்கல் தலைகீழாக நின்றாலும் அதைச் செய்யாது.

"அண்ணி, இன்னொரு டப்பா அதே மாதிரி போட்டுக் குடுங்க."

"இப்பதான் தண்ணி இல்லன்னு குதிச்ச?"

"இப்ப நல்ல கல்லுதான் வேணும். நல்லா நாக்கப் புடிக்கறதாப் பாருங்க."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பரணிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் நாக்கில் வைத்து, அதைத் தொங்கவிட்டபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அப்புறம் ஒரு மிடறு தண்ணீர் குடித்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு துண்டுகளை எடுத்து டப்பாவில் அடைத்து மெழுகு பூச ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கமிட்டி அறை ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் சுப்புராயன் சார், பக்கத்தில் வெளியிலிருந்து வந்த நிபுணர் தைலம்மாள். நரைத்த கொண்டை, சிரிக்காத முகம். சார் அறிக்கையை அவர் முன்னால் தள்ளினார்.

"இந்தம்மா காட்டற தண்ணி கற்பனை மேடம். சாதாரண மாக்கல். திருத்திக்கச் சொன்னேன், கேக்கல. மலைல இருந்து வர்ற புள்ளைங்கன்னு கொஞ்சம் சலுகை குடுத்தா இப்படித்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் வாயைத் திறக்கவில்லை. டப்பாவைத்தான் திறந்தேன்.

பரணில் காய வைத்தது எப்படி என்று மறைக்காமல் சொன்னேன். மெழுகை உடைத்து ஒரு துண்டை எடுத்து எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். பக்கத்துத் தராசில் கோலப்பொடிக் கடையில் வாங்கிய மாக்கல் துண்டு. யாரும் எதையும் தொடவில்லை. மாக்கல்லின் எண் அசையாமல் நின்றது. என் கல்லின் கடைசி எண் ஏறியது. ஏறி, மறுபடி ஏறி, பக்கத்து எண்ணையும் தள்ளிக்கொண்டு போனது. மழைக்காற்றிலிருந்து என் கல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

தைலம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "காய வச்சப்புறம் எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம். தனியாக் கொண்டாந்த காஞ்ச துண்டுல நேத்து எடுத்தது இது. ஈரம் ஏறினப்புறம் எடுத்தது இது. அடுக்கு குலையல. இடைவெளி மட்டும் குறையுது, திரும்பக் கூடுது."

அவர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சார் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"தராசு ஓடுது மேடம். மழை நாள்ல ஓடும். இது எல்லாம் டிராமா. நாக்கப் புடிக்கும்னு கூட எழுதியிருக்கா, நானே வச்சிப் பாத்தேன். விழுந்துடுச்சி. எல்லாரும் பாத்தாங்க."

இதற்காகத்தான் நான் மலை ஏறி இறங்கினேன் போலிருக்கிறது.

"அது பச்சக் கல்லு சார்" என்றேன். டப்பாவிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து நீட்டினேன். "இது நல்ல கல்லு. நாக்க நீட்டுங்க."

"இன்னாம்மா பேசற?"

"அன்னைக்கு எல்லார் எதிர்லயும் நீட்டினீங்களே சார். இன்னைக்கும் நீட்டுங்க. விழுந்துடுச்சின்னா இங்கயே நான் மாக்கல்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் தைலம்மாளைப் பார்த்தார். தைலம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வச்சிப் பாருங்களேன், சுப்புராயன். களப்பணில எல்லாரும் பண்றதுதான்" என்றார்.

வேறு வழியில்லாமல் சார் கல்லை வாங்கினார். அன்றைக்குப் போலவே நாக்கை நன்றாக நீட்டி, விழட்டும் என்ற தெம்பில் அழுத்தி வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

விழவில்லை.

தலையை ஆட்டினார். கல்லும் கூடவே ஆடியது. விரலால் இழுத்தார், நாக்கும் சேர்ந்து வந்தது. வலித்திருக்கும், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அண்ணி பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கல் ஆயிற்றே.

"சொல்லுங்க சுப்புராயன்" என்றார் தைலம்மாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். "இது மாக்கல்லா?"

சார் ஏதோ சொல்லப் பார்த்தார். சொல் உருப்படியாக வரவில்லை. சுற்றிலும் கண்ணால் தேடினார். மேசையில் இருந்த ஒரே டம்ளர் என் பக்கம் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கொடுக்க மாட்டேன் என்றில்லை. அவர் கேட்கட்டும் என்று நின்றேன்.

அவர் டம்ளரைக் காட்டினார். நான் அசையவில்லை. கடைசியில், கல் தொங்குகிற நாக்கோடு, அந்த மனுஷன் வாயைத் திறந்து கேட்டே விட்டார்.

"ஹ… ஹண்ணி."

டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

"அதத்தான் சார் நானும் சொல்லிக்கினு இருக்கறேன்."