அடுத்த முக்கில் நிற்கும் கார்

"அடுத்த முக்குல..." என்றாள் என் மனைவி மயிலாத்தாள்.

அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். மடியில் சீர்த்தட்டு இருந்தது. தட்டிலிருந்த ஆப்பிள் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வதற்குள் இறந்துபோனாள்.

நான் முக்கு வரை ஓட்டிவந்து நிறுத்தினேன். அன்றிலிருந்து கார் அங்கேயே நிற்கிறது. நான் காரில் இருக்கிறேன்.

இதனால் யாருக்கும் சிரமம் இல்லை. முதலில் பஸ்கள் என்னைச் சுற்றி ஒதுங்கிப் போயின. பிறகு காரைச் சுற்றி வட்டமாகச் சுவர் கட்டி, உள்ளே அரளி நட்டார்கள். சுவரில் கார் வெளியேறும் அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டார்கள். அது மரியாதைக்காக. இப்போது இந்த இடத்துக்குப் பெயர் வெள்ளைக்கார் முக்கு. கண்டக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆட்களை இறக்கிவிடுகிறார்கள்.

நாங்கள் மயிலாத்தாளின் தம்பி சென்னியப்பனின் புது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அன்று பால் காய்ச்சுகிறார்கள். வழி அவளுக்கு மட்டும்தான் தெரியும். சென்னியப்பனைக் கேட்டால், அக்கா சொல்லும் வழியைத் தவிர வேறு வழி தனக்குத் தெரியாது என்பான்.

சென்னியப்பன் அடிக்கடி போன் செய்கிறான்.

"மச்சான், எங்கீங்க இருக்கறீங்க?"

"முக்குல."

"பாலு அடுப்புலயேதான் இருக்குதுங்க. பொங்கவே மாட்டேங்குது."

"விறகு ஈரமா?"

"நல்ல வெறகுங்க. அக்கா வராம பொங்காதாம். அய்யரு சொல்லீட்டாரு. சனமெல்லாம் வாசல்லயே நிக்குது. பூசைக்குக் கூட்டியாந்த மாடு கன்னே போட்டுருச்சு."

"அக்கா செத்துட்டா, சென்னியப்பா."

"அது தெரியுமுங்க. நானுந்தான தூக்கீட்டு வந்தேன். அதுக்காக வராம இருந்தற முடியுமுங்களா?"

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. ஒரு குடும்பமே புது வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. நான் போனால்தான் அவர்கள் உள்ளே போக முடியும். போவதற்கு ஒரே ஒரு திருப்பம் தெரிய வேண்டும்.

வழி சொல்வதில் மயிலாத்தாளுக்கு இணையான ஆளை நான் பார்த்ததில்லை. இடது, வலது என்று அவள் சொன்னதே கிடையாது. அவள் பிறந்த ஊரில் சோத்தாங்கை, பீச்சாங்கை என்பார்கள். சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீச்சாங்கை என்று சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் "உங்க பக்கம்", "எம் பக்கம்" என்றாள். நான் ஓட்டும் வலப்பக்கம் என் பக்கம். அவள் உட்காரும் இடப்பக்கம் அவள் பக்கம். ஸ்கூட்டர் காலத்திலேயே அப்படித்தான். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, கால் இரண்டையும் இடப்பக்கம் தொங்கவிட்டிருப்பாள். அவள் கால் தொங்கும் பக்கம் அவள் பக்கம்.

ஊர்ப் பெயரெல்லாம் அவளுக்கு வேண்டியதில்லை. "இங்கதான் நீங்க கோவிச்சுக்கிட்டுக் காப்பியக் குடிக்காம எந்திரிச்சீங்க. எம் பக்கம்" என்பாள். "இங்க ஒரு செவல நாயி நம்மளத் தொரத்துச்சு. உங்க பக்கம்" என்பாள். வளைந்தால் அங்கே நாய் இருக்கும். அதற்கு வயதாகியிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முடிந்தவரை துரத்தும்.

அறியாத ஊர் என்றால் இறங்கி இரண்டு பேரைக் கேட்பாள். இரண்டு பேரும் ஒரே பக்கத்தைச் சொன்னால் நம்ப மாட்டாள். "பேசி வெச்சுட்டுச் சொல்றாங்க" என்பாள். வேறு வேறு பக்கம் சொன்னால் மனம் நிறைந்து திரும்பி வருவாள்.

"இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்பேன்.

"எம் பக்கமே போங்க. தப்பாப் போனாலும் நான் வேடிக்க பாத்துட்டு வருவேன்ல."

நாங்கள் எங்கும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

இறங்குவதில் மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. காரின் இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. நான் இறங்கி, சுற்றிப் போய், வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். கல்யாண மண்டபங்களில் பெண்கள் இதைப் பார்த்துத் தங்கள் புருஷன்மார்களை முறைத்தார்கள். மயிலாத்தாள் எதையும் விளக்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்குவாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது அந்த ஒரு திருப்பம்தான். அதனால் ஜிபிஎஸ் வாங்க முடிவு செய்தேன்.

நான் கடையைத் தேடிப் போகவில்லை. முடிவு செய்ததும் கடை வந்து வட்டச் சுவரை ஒட்டி நின்றது. கடைக்காரர் பெயர் நாட்ராயன். கழுத்தில் இன்ச் டேப் போட்டிருந்தார்.

"வண்டிக்குங்களா, ஆளுக்குங்களா?"

"வண்டிக்கு."

"அப்ப அளவெடுக்க வேண்டீதில்ல. உள்ள வாங்க."

கடை வெளியே சிறியது. உள்ளே நடக்க நடக்க நீண்டது. ஜிபிஎஸ் கருவிகள் இரண்டு பக்கமும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஜன்னலைப் பார்த்திருந்தன. வானம் தெரியாவிட்டால் அவற்றுக்கு மூச்சு முட்டும் என்றார் நாட்ராயன்.

முதலில் காட்டியதன் திரை சுவர் அளவு இருந்தது. அதில் எல்லாத் தெருக்களும் தெரிந்தன. கடை தெரிந்தது. கடைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நானும் தெரிந்தேன். முதுகுப் பக்கம் சட்டை கிழிந்திருந்தது. நல்ல கருவி. காரில் வைக்க முடியாது. காரைத்தான் அதற்குள் வைக்க வேண்டும்.

அடுத்தது அதிகம் விற்பது. நான் வாயைத் திறக்கும் முன்பே, "நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்றது.

"எல்லாருக்கும் இதையேதான் சொல்லுமுங்க" என்றார் நாட்ராயன். "கேட்டுட்டுக் கண்ணத் தொடச்சுட்டு வீட்டுக்குப் போயர்றாங்க. ஒரு புகாரும் வந்ததில்ல."

அதன் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஆனால் அதைக் கேட்டுப் பால் பொங்காது.

மூன்றாவதில் பழைய வரைபடம் இருந்தது. அதில் வெள்ளைக்கார் முக்கு வெறும் முக்காக இருந்தது. இந்தக் கடை இருக்கும் இடத்தில் சோளக்காடு. நாட்ராயன் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுக்கு என்னையத் தெரியாதுங்க" என்றார். "வரைபடத்தப் புதுப்பிக்கலாமுன்னு பார்த்தா, வேண்டாங்குது."

வரிசையின் கடைசியில் உள்ளங்கை அளவில் ஒன்று இருந்தது. ஓரத்தில் கீறல் விழுந்திருந்தது. அதனிடம் குனிந்து கேட்டேன்.

"அடுத்த முக்கில் எந்தப் பக்கம்?"

"தெரியவில்லை" என்றது.

"எப்போது தெரியும்?"

"முதலில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு மேலேயிருந்து நான்கு பேர் பார்க்க வேண்டும்."

"அது நெம்ப நேர்மைங்க" என்றார் நாட்ராயன் தணிந்த குரலில். "அதனாலதான் இன்னும் இங்கயே இருக்குது."

அதையே எடுத்துக்கொண்டேன்.

அதைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு ரப்பர் கிண்ணம் இருந்தது. ஒட்டினால் விழுந்தது. மறுபடி ஒட்டினால் மறுபடி விழுந்தது. நாட்ராயன் கிண்ணத்தில் எச்சில் தொட்டு அழுத்தினார். நின்றுகொண்டது. பிறகு இடப்பக்க இருக்கையைப் பார்த்தார். அங்கே சீர்த்தட்டு இருந்தது. பாதி துடைத்த ஆப்பிள் மேலாக இருந்தது. அது நிறம் மாறவில்லை.

"அங்க ஆளுங்களா?"

"ஆமாம்."

"பெல்ட்டுப் போடச் சொல்லுங்க" என்றார். கடையை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"செயற்கைக்கோள்களைத் தேடுகிறேன்" என்றது கருவி. நாங்கள் காத்திருந்தோம். அரளி பூத்து உதிர்ந்தது. ஒருவர் வந்து சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார். என் காரின் பின்பக்கத்துக்கும் சேர்த்து அடித்தார்.

பிறகு நான்கு பேர் வந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மேலேயிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முன்பு ஒரு முறையும் நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் வேறு வேலையாக வந்தவர்கள். இவர்கள் ஆளுக்கு ஒரு திசையில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"இங்கயா இருக்காரு?" என்றார் கிழக்கே நின்றவர்.

"இங்கதான்" என்றார் மேற்கே நின்றவர்.

"உசுரோடவா?" என்றார் தெற்கே நின்றவர்.

"அட, இங்கிருந்து சரியாத் தெரியல. பக்கத்து சீட்டு மறைக்குது" என்றார் வடக்கே நின்றவர். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "ஆமா. உசுரோடதான் இருக்காரு."

அதைக் கேட்டதும் கருவியில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. அந்தப் புள்ளிதான் நான். நான் இருக்கிறேன் என்று வெகுநாளாக யாரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

"குறைந்த தூரமா, குறைந்த நேரமா, சுங்கச்சாவடி இல்லாத வழியா?" என்று கேட்டது கருவி.

"அவள் சொல்ல வந்த வழி."

அது தேடியது. திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது.

"அது என்னிடம் இல்லை" என்றது. "இல்லை என்பதை நிச்சயமாகச் சொல்கிறேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் எனக்குச் சமமாகத் தெரிகின்றன. ஊகித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

எனக்கு அதன் மேல் மதிப்பு கூடியது. தெரியாததைச் சொல்லும் குரலில் அது கொஞ்சமும் தடுமாறவில்லை. மயிலாத்தாளுக்கு அதைப் பிடித்திருக்கும்.

நான் இறங்கினேன். துண்டை உதறிக்கொண்டு கிளம்பத் தயாரான கிழக்குக்காரரிடம் கேட்டேன்.

"சென்னியப்பன் புது வீட்டுக்கு எந்தப் பக்கம்?"

"வலக்கைப் பக்கம். மேல இருந்து பாத்தேன். வாசல்ல பெருங்கூட்டம்."

ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சுவரோரமாக வந்தாள். அவளிடமும் கேட்டேன்.

"அதென்ன, அவருகிட்டக் கேட்டுட்டு என்றகிட்டயும் கேக்கறீங்க?" என்றாள். "நம்பிக்க இல்லீங்களா?"

"என் வீட்டுக்காரி வழக்கம்."

"அப்பச் சரி. இடக்கைப் பக்கம் போங்க. பாலு வாசம் அங்கிருந்துதான் வருது. இந்த ஆடு ரெண்டு நாளா அங்கயே இழுக்குது."

இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் சொன்னார்கள். மனம் நிறைந்தது. காருக்குத் திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தேன். முதல் முயற்சியிலேயே எடுத்தது. வெளியே வந்து அவள் பக்கம் திரும்பினேன்.

"எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டது கருவி.

"தவறாகப் போனாலும் அவள் வேடிக்கை பார்ப்பாள்."

"இப்படி ஒரு வழிமுறை என்னிடம் இல்லை. சிறப்பாக இருக்கிறது" என்றது கருவி.

சாலை போகப் போக நீண்டது. ஒரு காப்பிக் கடை வந்தது. வேறொரு மாவட்டத்தில் இருந்த கடை அது. நான் கோபித்துக்கொண்டு எழுந்த மேஜையில் என் டம்ளர் அப்படியே இருந்தது. ஆடை படிந்திருந்தது. இறங்கிக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. கோபித்திருக்கவே வேண்டாம். வழியில் செவலை நாய் படுத்திருந்தது. காரைப் பார்த்ததும் எழுந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு, பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டே துரத்தியது.

"இந்த இடங்கள் என் வரைபடத்தில் இல்லை" என்றது கருவி.

"இருக்காது."

"குறித்துக்கொள்ளலாமா?"

"குறித்துக்கொள்."

அது காப்பியைக் குறித்துக்கொண்டது. நாயையும் குறித்துக்கொண்டது. அடுத்த திருப்பம் வந்தபோது அது கருவிகளின் வழக்கப்படி இடப்பக்கம் என்று தொடங்கி, நிறுத்தி, திருத்திக்கொண்டது.

"அவர் பக்கம் திரும்பவும்."

திரும்பினேன். வீடு தெரிந்தது.

வாசலில் எல்லாரும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நின்றிருந்தார்கள். மாவிலைத் தோரணம் துளிர்த்திருந்தது. மாட்டின் கன்று ஒரு கன்று போட்டிருந்தது. சென்னியப்பன் ஓடி வந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"வந்துட்டாங்க! மச்சானும் அக்காளும் வந்துட்டாங்க!"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். ஆப்பிளைப் பார்த்தான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அக்காவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

நான் இறங்கினேன். காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போனேன். இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

வீட்டுக்குள் பால் சீறியது. "பொங்கீருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போகத் தொடங்கியது. மாடு முதலில் போனது. கன்றும் கன்றின் கன்றும் பின்னால் போயின.

கடைசியாகப் போன ஒரு பெண் நின்று என்னைப் பார்த்தாள். தன் புருஷனை இடித்தாள்.

"பாத்தீங்களா? இன்னமும் சுத்தி வந்து தெறந்து உடறாரு. நீங்களும் இருக்கீங்களே."

நான் எதையும் விளக்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு இறங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கதவு இன்றைக்கும் உள்ளிருந்து திறப்பதில்லை.