ஊசிக்காதில் சூரியன்

ஸ்கேன் அறையின் பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட ஒரு மாதம் ஆகும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் ஸ்கேன் எடுத்துவந்தவளுக்கு அந்த மாதம் முழுக்க விடுமுறை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் அலமாரியின் மேலிருந்து கேமரா பையை இறக்கித் தூசி தட்டினாள்.

"காலை நீட்டிப் படுத்துக் கெடக்க வேண்டிய லீவு. இவங்க என்னடான்னா கடலோரமா நடந்து, மலையேறிப் படம் எடுக்கப் போறாங்களாம்," என்றாள் நாத்தனார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். அண்ணன் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக மூக்கை நுழைப்பவள். "தனியாவா போறீங்க அண்ணி?"

"நீயும் வாயேன்."

"நானா? எனக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு."

மறுநாள் காலை கழுத்தில் இஞ்ச் டேப்பும் இடுப்பில் தையல் பையுமாக அவள்தான் வாசலில் முதலில் நின்றாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு தபால்காரர். அந்த ஸ்கேன் இயந்திரம் என்பது, எளிமையாகச் சொன்னால், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு காந்தக் குழாய். உள்ளே அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். பயம் வந்தால் அதை அமுக்கலாம், உடனே வெளியே இழுத்துவிடுவார்கள். தபால்காரர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் இரண்டாவது நிமிடமே அமுக்கிவிட்டார். "நாள் பூரா வெளியில சுத்துற ஆளும்மா நான். வெளிய தெரியுற மாதிரி ஒரு ஓட்டை இருந்தாப் போதும், படுத்துடுவேன்," என்றார். படம் இல்லாமல் அவர் தலைக்குள் இருக்கும் கட்டி எவ்வளவு பெரிது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது.

புதிய இயந்திரத்தில் கண்ணுக்கு நேர் மேலே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. மல்லாந்து படுத்திருப்பவருக்கு அதில் குழாயின் மறுவாயும், அதற்கப்பால் தலைமாட்டுச் சுவரும் தெரியும். அந்தச் சுவரில் ஒட்ட, அறையைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர் தன் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்: குளத்தில் ஒரு வாத்து.

"நான் ஒரு படம் தர்றேன்," என்று அவள் பெரிய டாக்டரிடம் சொன்னாள்.

"இருபத்தேழாம் தேதி சாயங்காலத்துக்குள்ள வந்தா உங்க படம். இல்லன்னா வாத்து."

அடுத்த மாதம் முதல் நாள், முதல் ஆள், தபால்காரர்.

முதல் வாரம் முழுக்கக் கடற்கரையில் நடந்தார்கள். ஒரு நாளைக்கு நூறு படம் எடுத்தாள். எல்லாமே சப்பென்று இருந்தன. கண்ணுக்கு முன்னால் அத்தனை பெரிதாக விரிந்து கிடக்கும் கடல், படத்துக்குள் வந்ததும் ஒரு நீலப் பட்டையாகச் சுருங்கிவிடும். நம் கண் அங்குமிங்கும் அலைந்து அந்த விரிவைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த அலைச்சல் கிடையாது. அதனால் படத்துக்குள் கண் போய்ப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

நாத்தனார் ஒவ்வொரு படத்தையும் துணி பார்ப்பது போலப் பார்த்தாள். "இது லைனிங் துணி மாதிரி இருக்கு அண்ணி. மேல் துணி எங்க?"

ஒன்பதாம் நாள் ஒரு வளைவைத் தாண்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். கடலுக்குள் இரண்டு பாறைகள், ஒவ்வொன்றும் பத்து மாடி உயரம். நடுவில் ஒடுக்கமாக ஒரு இடைவெளி. அதன் வழியே அடிவானம் பளிச்சென்று தெரிந்தது.

"ஊசிக்காது!" என்று கத்தினாள் நாத்தனார்.

அண்ணிக்குத் தபால்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஓட்டை! "அந்தக் காதுல சூரியன் வந்து உக்காந்தா?"

"அவ்ளோ சின்னக் காதுல அவ்ளோ பெரிய சூரியனா?"

"அங்கதான் விஷயமே இருக்கு," என்று அவள் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குச்சியால் கோடு போட ஆரம்பித்தாள். நாம் எவ்வளவு பின்னால் போனாலும் சூரியன் சிறுக்காது. அது இருக்கும் தூரத்துக்கு நம் நடை ஒரு பொருட்டே இல்லை. பாறைகளோ நாம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். ஆக, இடைவெளி சூரியனைவிடக் கொஞ்சமே பெரிதாகத் தெரியும் வரை பின்வாங்க வேண்டும். கணக்குப்படி இரண்டு கிலோமீட்டர்.

"அப்ப அந்த மலை மேல ஏறிடுவோம்."

"ஏறினா கெட்டுது. மேல போகப் போக அடிவானமும் நம்ம கண்ணு மட்டத்துக்கே ஏறி வரும், பாறை கீழ தங்கிடும். எட்டி நிக்கணும், ஏறி நிக்கக் கூடாது."

"இது என்ன அண்ணி, மாமியார் வீட்டு மருமக மாதிரி."

எட்டியும் இருக்க வேண்டும், உயரமாகவும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு இடத்தைத் தேடி மூன்று நாள் மலையடிவாரங்களில் முள்ளில் கிழிபட்டார்கள். நாத்தனார் தன் இடுப்புப் பையைத் திறந்து நடந்தபடியே கிழிசல்களைத் தைத்தாள். பன்னிரண்டாம் நாள் கிடைத்தது: கடல் வரை இறங்கிய ஒரு மலையின் அடிவாரத்தில், கரைக்கு இணையாக ஓடும் பாறைத் திட்டு, மூன்று மாடி உயரம், அவ்வளவுதான்.

இனி எந்த நாள் என்று தெரிய வேண்டும். சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. இந்தப் பருவத்தில் ஒவ்வொரு காலையும் கிட்டத்தட்டத் தன் அகலம் அளவுக்கு வலப்பக்கம் தள்ளித் தள்ளி எழுகிறது. எந்த நாளில் எந்தத் திசையில் எழும் என்பதற்கு அட்டவணை உண்டு. இடைவெளி இருக்கும் திசையைத் திசைகாட்டியில் பார்த்துவிட்டால் நாள் கிடைத்துவிடும்.

"நீயே பாரு. ஊசியில நூல் கோக்குற கண்ணு உனக்குத்தான்."

நாத்தனார் திசைகாட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மூச்சுவிடாமல் பார்த்து எண்ணைச் சொன்னாள். மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அதே எண். அட்டவணையில் விரல் ஓடி நின்ற இடம்: இருபத்தேழு.

"கெடு நாளேதான்!" இருவரும் திட்டின் மேலேயே கைகோர்த்துக் குதித்தார்கள்.

அடுத்த இரண்டு காலையும் மேகம். கணக்குத்தான் இருக்கிறதே என்று அவர்கள் அங்கே காத்துக் கிடக்கவில்லை; உள்மலைகளுக்குப் போனார்கள். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் பால் போல நிரம்பி வழிவதை எடுத்தாள். மழை நின்ற மறுநிமிடம் பாறைகள் கறுத்து மினுங்குவதை எடுத்தாள். நாத்தனார் "இது மேல் துணி!" என்று கைதட்டிய படங்கள் இருபதாவது தேறும். ஆனால் அவற்றில் ஓட்டை இல்லை.

இருபத்தேழாம் தேதி விடியுமுன்பே திட்டில் கேமரா முக்காலியை ஊன்றிவிட்டார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அடிவானம் சாம்பல் நிறத்திலிருந்து செம்மைக்கு மாறியது. சூரியனை நேராகப் பார்க்காமல் கேமராவின் திரையிலேயே கண்ணை வைத்திருந்தாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "வெளிச்சம் காதுல வரல. இடது பாறைக்கும் இடது பக்கத்துல வருது."

அண்ணி கையை நீட்டி ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலம். அதாவது நான்கு சூரியன். அதாவது நான்கு நாள். அவளிடம் இருந்த நேரமோ இன்று மாலை வரைதான். தப்பினால் வாத்துதான்.

கடல் விளிம்பில் நெருப்புக் கீற்று எட்டிப் பார்த்தது. முழு வட்டமாக வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு பாறை உச்சியைத் தாண்ட அரை நிமிடம்.

அப்போதுதான் அவள் தலையில் மணி அடித்தது. சூரியன் வராவிட்டால் என்ன? நாம் போகலாமே! நாம் நகர்ந்தால் பக்கத்தில் இருக்கும் பாறை நகரும், தூரத்துச் சூரியன் அப்படியே நிற்கும். இரண்டு கிலோமீட்டரில் ஒரு விரல் என்றால் எழுபது மீட்டர்.

"வலப்பக்கம் ஓடு! எழுபது மீட்டர்! முக்காலியத் தூக்கு!"

"எதுக்கு அண்ணி..."

"ஓடுடி!"

ஓடினார்கள். நாத்தனார் விரித்த முக்காலியை அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு ஓடினாள். பின்னால் இவள், கழற்றிய கேமராவை மார்போடு அணைத்தபடி. ஓட ஓட இடது பாறை சூரியனை நோக்கி நகர்ந்தது. கல் தடுக்கியது, செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. இருபது மீட்டர். முப்பது. பாறை சூரியனை முழுங்கியது. திட்டு சட்டென்று இருண்டது.

"போச்சு அண்ணி, போச்சு!"

"போகல! அதான் வழி! நிக்காத!"

ஐம்பது. அறுபது. பாறையின் வலது விளிம்பு எரிய ஆரம்பித்தது. இன்னும் பத்து அடி எடுத்து வைத்ததும் ஒளி அவர்கள் முகத்தில் அடித்தது. முக்காலி இறங்கியது, கேமரா அதன் மேல் ஏறியது, முக்காலியின் ஒரு கால் பள்ளத்தில் ஆடியது. நாத்தனார் அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். மூச்சிரைப்பில் அவளோடு சேர்ந்து கேமராவும் மேலும் கீழும் போனது.

பன்னிரண்டு வருடப் பழக்கம் தானாக வாயில் வந்தது. "மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

நாத்தனார் பிடித்தாள். கிளிக். கிளிக். கிளிக்.

"விடுங்க."

இரண்டு பாறைகளுக்கும் நடுவில், இருபுறமும் நூலளவு வானம் விட்டு, முழு வட்டமாக உட்கார்ந்திருந்தது சூரியன்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் திசைகாட்டியை ஒரு கல்லின் மேல் வைத்தாள். கணக்கு எங்கே தப்பியது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கழன்ற செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நாத்தனார் அருகே வந்து உட்கார, முள் லேசாக அவள் பக்கம் திரும்பியது. அவள் எழுந்ததும் முள்ளும் விலகியது.

"உன் இடுப்புப் பையில என்ன இருக்கு?"

"கத்தரி, நூல், பட்டன், அப்புறம் கீழ விழுற ஊசியப் பொறுக்க ஒரு..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காந்தம்!"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணி!"

இரும்பு இருக்கா, காந்தம் இருக்கா என்று பன்னிரண்டு வருடமாக நாளுக்குப் பதினைந்து பேரிடம் கேட்டவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் படம் பெரிய டாக்டர் கைக்குப் போய், தலைமாட்டுச் சுவரிலும் ஏறிவிட்டது. முதல் தேதி காலை தபால்காரர் படுக்கையில் ஏறினார். "உடம்புல இரும்பு, காந்தம் எதுவும் இல்லையே?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தாள். படுக்கை மெல்லக் குழாய்க்குள் போனது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் பார்த்தது அவர் விரல்களை மட்டும்தான். இரண்டாவது நிமிடம் பந்து கொஞ்சம் நசுங்கியது. அவள் கை பொத்தானுக்குப் போனது. நசுங்கிய பந்து மெதுவாக மறுபடி உருண்டை ஆனது. ஐந்தாவது நிமிடம். பதினைந்தாவது. விரல்கள் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன.

சத்தம் அடங்கிய ஒரு இடைவேளையில் அவர் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "ஏம்மா, சூரியன் எப்படிம்மா அவ்ளோ சரியா ஓட்டைக்குள்ள வந்து உக்காந்துச்சு?"

அவளுக்கு அந்தக் கணமே பாறை, தூரம், ஒரு விரல், எழுபது மீட்டர் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக விளக்க வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒலிவாங்கியை அழுத்தினாள்.

"சொல்றேன் அண்ணே, ஒண்ணு விடாம சொல்றேன். இன்னும் பத்து நிமிஷம் அசையாம இருங்க."