நாற்பதும் பதினான்கும்

ராஜஸ்தானில் வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டுமே ஓடும் ஓர் ஆற்றை, ஒருமுறைகூட நேரில் பார்க்காமல், சாரம் பகுதியில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து ஏழு மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் இஃப்ஃபத். படுகைக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வருடந்தோறும் எவ்வளவு எடுத்தால் குறையாமல் நிற்கும் என்பதுதான் கேள்வி. நாற்பது ஆழ்துளைக் கிணறுகள் தாங்கும் என்று எழுதி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

புதன்கிழமை மதியம் கோவிந்தராசு கூப்பிட்டார். சோதனைக் கிணறு தோண்ட லாரியோடு அங்கே போயிருந்த உழவர்கரைக்காரர். இங்கே மூன்று நாளாக அடைமழை. அவர் பேசியது கேட்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தினாள்.

“மேடம், மூணு எடத்துலயும் போட்டாச்சு. நீங்க மணலுன்னு சொன்னீங்க. இது மணலு இல்ல. தண்ணி ஊத்திப் பெசஞ்சா உருண்ட புடிக்குது.”

“மூணுலயுமாண்ணா?”

“ஆமா. தண்ணி நிக்கிற ஆழம் பூரா அப்படித்தான். வீடியோல காட்டறேன், பாருங்க.”

அவர் உள்ளங்கையில் பழுப்பு உருண்டை உடையாமல் இருந்தது. மணலில் களிமண் கலந்திருந்தால், வெள்ளத்துக்குப் பிறகு நீர்மட்டம் பத்தடி ஏறினாலும் நாம் எடுக்கக்கூடிய தண்ணீர் கொஞ்சம்தான். மீதியைக் களி விடாது. அவளோ பழைய அறிக்கை ஒன்றை நம்பி, எல்லாம் சுத்த மணல் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

கணக்கைத் திரும்பப் போட்டாள். பதினான்கு வந்தது. இன்னொரு தடவை போட்டும் பதினான்குதான்.

மேலாளர் மதிவாணன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். “நாப்பதுன்னு பஞ்சாயத்துகிட்ட வாயாலயே சொல்லிட்டனேம்மா.”

“நான் குடுத்தத சொன்னீங்க சார். தப்பு என்னோடது. நாப்பது போட்டா அஞ்சாறு வருஷம் நல்லா எறைக்கும். அப்புறம் ஊரே காலி பண்ணணும்.”

“பதினாலுன்னா?”

“மூணு வருஷம் வெள்ளமே வரலன்னாலும் தாங்கும். அதையும் கணக்குல எடுத்திருக்கேன்.”

“அத மொதப் பக்கத்துல எழுது. போனை நான் பண்ணிக்கிறேன்.”

அரைமணி நேரம் பேசினார். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. ஆனால் பதினான்குக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். குடிக்க ஆறு கிணறுகள், சீரக வயல்களுக்கு முறை வைத்து எட்டு என்று ஊர்க்காரர்களே பிரித்துக்கொண்டார்கள்.

மறு வருடம் ஆகஸ்டில் ஆறு இரண்டு நாள் ஓடியது. செப்டம்பரில் இஃப்ஃபத் முதல்முறையாக அங்கே போய் இறங்கினாள். கோவிந்தராசு அளவு நாடாவைக் கிணற்றுக்குள் விட, அவள் எண்ணைப் படித்தாள்.

“எறைக்க ஆரம்பிச்சப்ப இருந்தத விட அரையடி மேலயே நிக்குதுண்ணா.”

“அப்ப பதினஞ்சாவது ஒண்ணு போட்டுடலாமா மேடம்?”

“இன்னும் ரெண்டு வருஷம் அளந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

அவர் சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டினார். பக்கத்து வயலில் சீரகம் விதைக்க உழுதுகொண்டிருந்தார்கள். அளக்க இன்னும் பதின்மூன்று கிணறுகள் இருந்தன. இருவரும் ஜீப்பில் ஏறினார்கள்.