இரண்டு மூத்த பிள்ளைகள்

குந்தளாவுக்கு நான்கு மாதமாக வராமல் இருந்தது, சரியாகப் பிரதமாஷ்டமி அன்று காலையில் வந்துவிட்டது.

"எல்லாம் நின்னு போச்சுன்னு நிம்மதியா இருந்தேனே! வருஷத்துல இத்தனை நாள் இருக்கு, இதுக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?" என்று பின்பக்கத்து வராந்தாவில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்து புலம்பினாள்.

அடுப்படியில் எண்டுரிக் கொழுக்கட்டைக்கு மஞ்சள் இலைக்குள் மாவைத் தடவி, நடுவில் தேங்காய்ப் பூரணம் வைத்துக்கொண்டிருந்த நிருபமாவின் கை அப்படியே நின்றது. வீட்டுக்குத் தூரமான ஓரகத்தி பூஜையறைக்குள் வர முடியாது. அப்படியென்றால் லோபாவுக்கு விளக்கு எடுக்க வேறொரு கை வேண்டும்.

மார்கசிர மாதத்துத் தேய்பிறை அஷ்டமியான பிரதமாஷ்டமியில் ஜாஜ்பூரில் எல்லா வீட்டிலும் மூத்த பிள்ளைக்குத்தான் மரியாதை. மாமன் வீட்டிலிருந்து வந்த புதுத்துணியை உடுத்தி மணையில் உட்கார வைத்து, தாய் விளக்கெடுத்து, பிள்ளைகளைக் காக்கும் ஷஷ்டித் தாயிடம் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் கேட்பாள். இந்த வீட்டில் இரண்டு மணை. பெரியவருக்கும் குந்தளாவுக்கும் மூத்தது லோபா. சின்னவருக்கும் நிருபமாவுக்கும் மூத்தது அம்லான். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லோபாவைப் பெற்றவள் நிருபமா. பிள்ளை வேண்டிப் பன்னிரண்டு வருஷம் விரதம் இருந்து ஓய்ந்துபோன குந்தளாவின் மடியில், பெயர் வைக்கிற இருபத்தோராம் நாள், மாமியார் குழந்தையைத் தூக்கி வைத்தாள். "உனக்கு வயசிருக்கு, இன்னும் பெத்துக்குவே," என்று நிருபமாவிடம் சொன்னாள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிருபமாவுக்கு அப்போது இருபது வயது. பால் கட்டிக்கொண்டு நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

அதன் பிறகு அவள் அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், தலை பின்னியிருக்கிறாள், அம்மை போட்டபோது கண் விழித்திருக்கிறாள். சித்தி எதையும் செய்யலாம். இந்த ஒரு விளக்கை மட்டும் எடுக்க முடியாது. பங்குனியில் லோபாவுக்குக் கல்யாணம். அடுத்த அஷ்டமிக்கு அவள் கட்டக்கில் மாமியார் வீட்டில் இருப்பாள்.

"நிரு," என்று குந்தளா கூப்பிட்டாள். "எதிர் வீட்டு ஜெமா அக்காவைக் கொஞ்சம் வரச் சொல்லு. அவங்க வந்து லோபாவுக்கு விளக்கெடுக்கட்டும்."

நிருபமா மாவுக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "ஜெமா அக்கா எதுக்கு? நான் இருக்கேன்ல."

"உனக்கு அடுப்பு வேலை கிடக்கு."

"எண்டுரி ஆவியில வேகுது அக்கா. அது வேக என் முகம் எதுக்கு?"

குந்தளா புடவைத் தலைப்பைத் திருகினாள். கெட்டவள் இல்லை அவள். சாப்பாட்டில் எந்நாளும் நிருபமாவுக்கு வைத்துவிட்டுத்தான் தான் எடுப்பாள். "அது நல்லாயிருக்காது நிரு," என்றாள் மெல்ல. "நான் எதுக்குச் சொல்றேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். இந்த ஒரே ஒரு தடவை."

கிணற்றடியிலிருந்து ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு லோபா வந்தாள். குந்தளாவின் தம்பி அனுப்பிய சம்பல்பூர்ப் புடவை, அரக்கு நிறம். "என்னம்மா பஞ்சாயத்து? அஷ்டமி பதினொரு மணி வரைக்கும்தான்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு."

"ஜெமா பெரியம்மாவைக் கூப்பிடலாம்னு..."

"ஐயோ, அவங்களா? தீபத்தைச் சுத்தறதுக்குள்ள எனக்கு என்ன சம்பளம், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்னு கேட்டு முடிச்சிடுவாங்க. சித்தி எடுக்கட்டுமே."

குந்தளா மறுப்பதற்குள் நிருபமா ஓடாத குறையாகப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிய கையை மறுபடி ஒருமுறை கழுவினாள். பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக்கு வந்த பட்டைக் கட்டிக்கொண்டாள்.

பூஜையறையில் இரண்டு மணைக்கும் முன்னால் அவளே அரிசிமாவில் கோலம் போட்டிருந்தாள். அம்லான் இன்னும் குளித்துக்கொண்டிருந்தான். லோபா வந்து மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நிருபமா சந்தனம் தொட்டு அவள் நெற்றியில் வைத்தாள். அவசரத்தில் சந்தனம் புருவத்தில் இழுபட்டது.

"பதறாதீங்க சித்தி," என்றாள் லோபா தாழ்ந்த குரலில். "எனக்குத் தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"ஒன்பதாவது படிக்கறப்போ பெட்டியில என் ஜாதக ஓலையைப் பார்த்தேன். அப்பா பேர்னு சித்தப்பா பேரை எழுதியிருந்தாங்க. யாருக்கும் அதை மாத்தி எழுதத் தோணலை போல."

நிருபமா விளக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "லோபா... என் கண்ணே... அன்னைக்கு யாரும் என்னைக் கேக்கலை. நான் சின்னப் பொண்ணு. உங்க பாட்டி தூக்கிக் கொடுத்துட்டாங்க."

"அது எனக்குப் புரியுது. அதுக்காக உங்களை ஒரு நாளும் திட்டினதில்லை. அம்மா என்னை நல்லாத்தான் வளர்த்தாங்க." லோபா பக்கத்திலிருந்த காலி மணையைக் காட்டினாள். "இதுதான் புரியலை. அம்லான் ரெண்டாவது. அவனுக்கு எதுக்கு விளக்கு? அவனை யார் இங்க உட்கார வச்சது, பாட்டியா?"

உட்கார வைத்தது பாட்டி இல்லை. அம்லான் பிறந்த வருஷம், "இந்த வீட்டுக்கு லோபாவோட விளக்கே போதும், இவனுக்கு வேண்டாம்" என்றுதான் மாமியார் சொன்னாள். சாமி கணக்கில் பொய் சொல்லப் பயம் அவளுக்கு. நிருபமாதான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுது, தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பித் துணி வாங்கிவரச் செய்தாள். ஓரகத்தி விளக்கெடுக்கும்போது தான் வெறுங்கையோடு ஓரத்தில் நிற்க முடியாது என்று அழுதாள். தன் கைக்கும் ஒரு விளக்கு வேண்டும் என்ற நினைப்பில், அந்த விளக்கு வேறொன்றையும் அணைக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் கொடுக்கப்பட்டவள்னு தெரிஞ்ச பிறகும் எட்டு வருஷம் இந்த மணையில உட்கார்ந்து கேட்டுட்டிருந்தேன்," என்றாள் லோபா. "'என் மூத்த பிள்ளைக்கு ஆயுளைக் கொடு'ன்னு அவன் தலையில அட்சதை போடுவீங்க. ஒரு வருஷமாவது நாக்குத் தடுக்கும்னு பார்ப்பேன். நீங்க சும்மா இருந்திருந்தாலே போதும் சித்தி. நான் இருக்கேன்னு அர்த்தம் ஆகியிருக்கும்."

"நான்... நான் இப்ப சொல்றேன். இப்ப உன் தலையில அட்சதை போட்டு..."

"வேண்டாம்." லோபா வராந்தாப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அம்மா அங்கதான் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்க கேட்கற மாதிரி சொல்லுங்க. அவங்க மூத்த பிள்ளைன்னு."

"ஆச்சா நிரு?" என்று குந்தளாவின் குரல் வந்தது, பயந்துபோன குரல். "நேரமாகுது!"

நிருபமா தட்டை எடுத்தாள். ஏழு முறை சுற்றினாள். அறுகம்புல்லும் அட்சதையும் ஈரக் கூந்தலில் விழுந்தன. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தலையில் அட்சதை போடத்தான் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். "ஷஷ்டித் தாயே," என்றாள், "அக்காவோட மூத்த பிள்ளைக்கு ஆயுளைக் கொடு."

லோபா குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், ஒரு சித்தியைக் கும்பிடுவதுபோல. பிறகு தட்டில் ஒரு எண்டுரியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், தள்ளி நின்று, "கையை நீட்டும்மா, தொடாம போடறேன். காலையிலேருந்து பட்டினி கிடக்கே," என்றாள். குந்தளா அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

அம்லான் புது வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தன் மணையில் பொத்தென்று உட்கார்ந்தான். "சீக்கிரம்மா, வாசனை வயித்தைக் கிள்ளுது. என்ன பார்த்துட்டு நிக்கறே? எனக்கு இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். வீடே கேட்கும். வராந்தாவிலிருந்து லோபா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிருபமா அந்தப் பார்வையை ஒரு நிமிஷம் தாங்கினாள். இந்தப் பையன் என்ன பாவம் செய்தான் என்று நினைத்தாள். பிறகு அதுவும் சாக்குத்தான் என்று தெரிந்தது.

அவள் திரியைத் தூண்டிவிட்டு, தட்டை மகன் முன்னால் உயர்த்தினாள்.

"ஷஷ்டித் தாயே, என் மூத்த பிள்ளைக்கு ஆயுளைக் கொடு."

இருபது வருஷப் பழக்கம். நாக்குத் தடுக்கவே இல்லை.